தரங்கம்பாடி ஜில்லா, பசலி 1435

ஆல்பின் தப்பான இடத்தில் விரலை வைத்தான்.

அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் இன்னொரு தப்பும் செய்திருந்தான். லின்சிக்கு அனுப்ப வேண்டிய வரைபடத்தை ‘நன்னிலம் சபைக் குடும்பம்’ என்ற வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பதறிப்போய் அழிக்கும்போது ‘எல்லாருக்கும் அழி’ என்பதை விட்டுவிட்டு ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தொட்டான். இப்போது அந்தக் குழுவில் அந்த வரைபடம் இல்லாத ஒரே போன் அவனுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால். எட்டரைக்கு ஆராதனை.

“அம்மா, உன் போன்ல ஒரு மேப் வந்திருக்கும். திறக்காதே.”

“திறந்துட்டேன்டா,” என்றாள் அமலோற்பவம் அடுப்படியிலிருந்து. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து லுத்தரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பாள். “நம்ம தெருவைக்கூட விடாம போட்டிருக்கான். யாருடா இவன், கெட்டிக்காரனா இருக்கானே.”

“நான்தாம்மா.”

“அப்ப ஏன் திறக்கக் கூடாதுங்கற?”

அதைச் சொல்ல டென்மார்க் ராஜாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டென்மார்க் ராஜா 1845-இல் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனுக்கு விற்றார். ஆல்பினின் வரைபடத்தில் ராஜா கடைசி நேரத்தில் மனசு மாறிக் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுகிறார். அதனால் இன்றைக்குக் கொள்ளிடத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் தரங்கம்பாடியைத் தலைநகரமாகக் கொண்ட ஒரு சின்னப் பிரதேசம். தரங்கம்பாடிக்கும் நன்னிலத்துக்கும் நேர் ரயில், முப்பத்தைந்து நிமிஷம். நிஜத்தில் இரண்டு பஸ் மாறிப் பேரளத்தில் கால் கடுக்க நிற்க வேண்டும். நன்னிலத்தில் இவன் இருந்தான், தரங்கம்பாடியில் லின்சி இருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். ரயில் விட்டதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆல்பினுக்கு முப்பத்தொரு வயசு. மூன்று வருஷம் சென்னையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தான். அமெரிக்கர்களின் பல் இன்ஷூரன்ஸ் மனுக்களை நிராகரிக்கிற வேலை. ஒருநாள் டீ குடிக்க வெளியே வந்தவன் திரும்பி உள்ளே போகவில்லை. ஏன் என்று கேட்டால் தூக்கம் வந்தது என்பான். இப்போது நன்னிலத்தில் இராஜாங்கம் என்கிற தனியார் சர்வேயரிடம் நில ஸ்கெட்ச் வரைந்து கொடுக்கிறான். லின்சி தன் அத்தையின் மனைக்கு ஸ்கெட்ச் வாங்க வந்தவள்தான். வடக்கு அம்புக்குறியை அவள் நின்றிருந்த பக்கம் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். மறுநாள் திருத்தி வாங்க மறுபடியும் வந்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

மிச்ச நேரத்தில் அவன் நடக்காத சரித்திரத்துக்கு வரைபடம் போட்டான். இணையத்தில் அதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அறுநூறு பேர், உலகம் முழுக்க. ஒருத்தன் சோழர் கடாரத்தை விட்டு வராமலே இருந்த உலகத்தை வரைவான், இன்னொருத்தன் காவிரி மதுரைப் பக்கம் திரும்பிய உலகத்தை வரைவான். கீழே எல்லாரும் சண்டை போடுவார்கள். போன வருஷம் ஆல்பின் தன் முழுப் பேரிலேயே போட்ட ஒன்றில் டேனிஷ்காரர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டு வாங்கியிருந்தார்கள். தரங்கம்பாடி என்ற பேரே அதில் கிடையாது. ‘காரைக்கால் வடக்கு’ என்று ஒரு வார்டு, அவ்வளவுதான். உப்புக்காற்று என்ற பேரில் யாரோ அதன் கீழே நாற்பத்தொரு பதில் எழுதியிருந்தார். கடைசிப் பதில், ‘கற்பனைக்கும் ஒரு நியாயம் வேண்டும் தம்பி.’ ஆல்பின் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

இந்த வரைபடத்துக்கு வருவோம். தலைப்பு ‘தரங்கம்பாடி ஜில்லா’. டேனிஷ்காரர்கள் பழைய சொற்களை மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது அவன் கணிப்பு. அதோடு நின்றிருக்கலாம். ஆபீஸ் ஸ்கெட்சுக்குப் போடுகிற பழக்கத்தில், கை பாட்டுக்குக் கீழே ‘பசலி 1435’ என்று வருவாய்த்துறை வருஷத்தையும் போட்டுவிட்டது.

இந்தப் பக்கத்தில் எந்தக் காகிதத்தையும் சந்தேகப்படுவார்கள். பசலி போட்ட காகிதத்தை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது முப்பது பேர் அவனுக்குக் கை கொடுத்தார்கள். மத்தியானம் துரைக்கண்ணு வந்தார். பக்கத்துத் தெரு, ஆறு மா நஞ்சை, வாய்க்கால் பாசனச் சங்கத்துக்குத் தலைவர். அவர் சபைக்காரர் இல்லை. ஆனால் படம் மூன்று மணி நேரத்தில் சபையைத் தாண்டி வாய்க்கால்வரை போயிருந்தது.

“தம்பி, இது நீங்க போட்டதாமே?”

“ஆமாங்க, ஆனா இது சும்மா...”

“சும்மாவா? தாலுகாவா இருக்கற நன்னிலத்தைப் பிர்க்காவா இறக்கியிருக்கீங்க. கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கிட்டிருக்கற ஊரு இது. இருக்கறதையும் புடுங்கிட்டீங்களே.”

“நிஜமா இல்லைங்க. இப்படி நடந்திருந்தா எப்படி இருக்கும்னு...”

“அது போவட்டும். இந்தக் கறுப்புப் புள்ளி என்ன?”

“புது ஸ்டேஷன்.”

“என் வயல்ல நிக்குது. அறுப்பு மிஷின் புதன்கிழமை வருது. கதிரை அறுக்கறதா, ஸ்டேஷனுக்கு விடறதா?”

“அறுங்க. தாராளமா அறுங்க.”

“அப்ப ஸ்டேஷன் அறுப்புக்கு அப்புறம்தான்,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். தெரு முனையில் இரண்டு பேரிடம் அதையே சொல்வது கேட்டது.

சாயங்காலம் போன் அடித்தது. துரைராசு.

லின்சியின் அப்பா. தரங்கம்பாடியில் வலையும் கயிறும் விற்கிற கடை. எட்டு மாசத்துக்கு முன்னால் ஆல்பினும் அம்மாவும் பெண் கேட்டுப் போனபோது காபி கொடுத்தார், ஆல்பினின் முழுப் பேரைக் கேட்டார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனில் எதையோ பார்த்தார், “சரிப்படாது” என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதற்குப் பிறகு அவர் பேசுவது இதுதான் முதல் தடவை.

“தம்பி, மேப் பார்த்தேன்.”

“மாமா, அது வந்து...”

“நியாயமா போட்டிருக்கீங்க. கோட்டை, ராஜா தெரு எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு.”

“இல்ல மாமா, அந்த ஜில்லா...”

“காரைக்காலை என்ன பண்ணியிருக்கீங்கன்னு பெருசாக்கிப் பார்த்தேன். நம்ம எல்லைக்குள்ள வச்சிருக்கீங்க.”

“நடுவுல இருக்குது மாமா. வேற வழியில்ல.”

“நல்லது. தாலுகாவாவா, பிர்க்காவாவா? எழுத்து பொடியா இருக்கு.”

“பிர்க்கா.”

அந்தப் பக்கம் நிறைவான ஒரு பெருமூச்சு கேட்டது.

“வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஓலை குடுத்திடுவோம்.”

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆயர் கோயிலில் வாசிப்பதுதான் ஓலை. மூன்றாவது ஓலை தாண்டிவிட்டால் அப்புறம் பந்தல்காரனைத்தான் பார்க்க வேண்டும்.

பத்தாவது நிமிஷம் லின்சி கூப்பிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

“எங்கப்பாவுக்கு என்ன மருந்து குடுத்த?”

“ஜில்லா வரப்போகுதுன்னு நம்பிட்டார், லின்சி. நான் சர்வேயர்கிட்ட இருக்கறதால உள்விஷயம் தெரியும்னு நினைக்கறார்.”

“எங்கப்பாவா? அவரு தராசு முள்ளையே நம்ப மாட்டாரு.”

“பசலியை நம்பறார்.”

“சொல்லிடு ஆல்பின். பொய்யில வந்த கல்யாணம் வேணாம்.”

“சொல்லி, வேணாம்னுட்டா?”

“மூணாவது ஓலை முடிஞ்சு சொன்னா என்ன?” என்றாள். உடனே, “சே, இல்ல. முன்னாடியே சொல்லிடு,” என்றாள். கடைசியில், “எனக்குத் தெரியலடா,” என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை தரங்கம்பாடிக்குப் போனார்கள். சொல்லிவிடுவது என்று ஆல்பின் பேரளத்தில் முடிவு செய்தான். காரைக்காலில் மாற்றிக்கொண்டான். வாசற்படியில் மறுபடி முடிவு செய்தான்.

“மாமா, அந்த மேப் விஷயமா ஒண்ணு சொல்லணும்.”

துரைராசு சட்டென்று திரும்பிப் பார்த்தார். லின்சியின் அம்மா ஃபெபி தட்டில் முறுக்கோடு வந்துகொண்டிருந்தாள். “அந்தப் பேச்சு இங்க வேணாம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “வெளிய தெரிஞ்சா வம்பு.”

ஃபெபி கணவனை ஒரு பார்வை பார்த்தாள், தட்டை வைத்தாள், போய்விட்டாள். சர்க்கார் ரகசியத்தைக் கட்டின மனைவியிடமிருந்துகூடக் காப்பாற்றுகிறாரே என்று ஆல்பின் சொல்ல வந்ததை முறுக்கோடு சேர்த்து விழுங்கினான். எவ்வளவு ஆழமாக நம்பியிருந்தால் இப்படிச் செய்வார்!

முதல் ஓலை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெளியே வந்ததும் ஆல்பினிடம் ஏழு பேர் தங்கள் சர்வே நம்பரைக் கொடுத்து, ரோடு வருமா என்று கேட்டார்கள்.

அன்று மத்தியானம் அவன் முதல் திருத்தம் செய்தான். துரைக்கண்ணுவின் வயலிலிருந்து ஸ்டேஷனை நகர்த்தினான். கீழே கொட்டை எழுத்தில், ‘இது முழுக்க முழுக்கக் கற்பனை. அரசுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதிக் குழுவில் போட்டான்.

துரைக்கண்ணு அரை மணியில் வந்தார்.

“சம்பந்தம் இல்லைனு எதுக்குத் தம்பி போடறீங்க?”

“இல்லைங்கறதாலதான்.”

“என் வீட்டு எருமைக்கும் அரசுக்கும் சம்பந்தம் இல்ல. நான் அது கழுத்துல எழுதியா மாட்டியிருக்கேன்? மேலேர்ந்து நெருக்கறாங்க, அதான? புரியுது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.” கிளம்பும்போது தோளைத் தட்டினார். “ஸ்டேஷனை மாத்தினதுக்கு நன்றி. கை நீளமாத்தான் இருக்கு உங்களுக்கு.”

ஸ்டேஷன் நகர்ந்து விழுந்த இடம் முதலாளி இராஜாங்கத்தின் தென்னந்தோப்பு. அதை ஆல்பின் பார்க்கவில்லை. இராஜாங்கம் பார்த்தார்.

“என்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு என் தோப்புலயே ரயில் விடறியா?”

“சார், நீங்ககூடவா? இது நிஜம் இல்லைனு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்டா. வாசல்ல வந்து பாரு.” வாசலில் நாற்பது செருப்பு. “எல்லாரும் ஜில்லாவுல தன் நிலம் எங்க இருக்குன்னு அளக்கணுமாம். தாசில்தார் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. இன்னும் ஒரு வாரத்துல இதை நிறுத்தலைன்னா நீ டீ குடிக்கப் போயிடு.”

இரண்டாவது ஓலையும் ஆட்சேபணை இல்லாமல் முடிந்தது. ஆனால் துரைக்கண்ணுவும் இருபது விவசாயிகளும் நன்னிலத்தைப் பிர்க்கா ஆக்கியதைக் கண்டித்து வெள்ளிக்கிழமை சாலையில் உட்காரப்போவதாகச் சொன்னார்கள். ஆல்பின் யோசித்தான். கற்பனை என்று எழுதினால் நம்பவில்லை. அப்படியானால் யாருமே நம்ப முடியாதபடி ஒன்றை வரைந்துவிட்டால்?

செவ்வாய்க்கிழமை வரைந்தான். ஜில்லாவுக்குச் சின்னமாக ஒரு வெள்ளைக்கரடியைப் போட்டான். திருமருகலிலிருந்து கோபன்ஹேகனுக்கு வாரம் ஒரு கப்பல் விட்டான். திருமருகலில் கடலே கிடையாது. கடைசியாக, சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்று, தலைநகரத்தைத் தரங்கம்பாடியிலிருந்து எடுத்து நன்னிலத்தில் வைத்தான். நன்னிலம் தலைநகரம் என்றால் நன்னிலத்துக்காரனே சிரிப்பான் என்று கணக்குப் போட்டான்.

நன்னிலத்துக்காரர்கள் சிரிக்கவில்லை. வெடி வெடித்தார்கள். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் ‘தலைநகர் நன்னிலம்’ என்று ஃபிளெக்ஸ் எழுந்தது. ஒரு ஓரத்தில் வெள்ளைக்கரடி, மறு ஓரத்தில் ஆல்பினின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. துரைக்கண்ணு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“மறியல் இல்ல தம்பி. கலைஞ்சிட்டோம். அந்தக் கரடி மட்டும் எதுக்குன்னு தெரியல. வயல்ல எலித் தொல்லைக்கு விடறாங்களோ?”

வியாழக்கிழமை துரைராசு கூப்பிட்டார். குரலில் ‘தம்பி’யும் இல்லை, ‘மாப்ள’யும் இல்லை.

“தலைநகரத்தை மாத்திட்டீங்களாமே.”

“மாமா, அது ஒரு...”

“மூணாவது ஓலையை வாசிக்க வேணாம்னு ஆயர்கிட்ட சொல்லிட்டேன்.”

போன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் லின்சியிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. ‘ரயில் வேணாம். பஸ்ல வா.’

சனிக்கிழமை அவன் பஸ்ஸில் போனான். தோளில் மடிக்கணினிப் பை. இந்தத் தடவை பேரளத்திலும் முடிவு மாறவில்லை, காரைக்காலிலும் மாறவில்லை. இழக்கப்போவதை ஏற்கெனவே இழந்தாகிவிட்டது. பொய்யையாவது திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

துரைராசு கடையில் நீலக் கயிற்றைக் கையை விரித்துப் பாகம் பாகமாக அளந்துகொண்டிருந்தார். கடையோடு ஒட்டின வீடு. உள்ளே லின்சி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“மாமா, நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். ஜில்லா எதுவும் வரலை. சர்க்காருக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ரயிலும் இல்ல, தலைநகரமும் இல்ல. எல்லாம் நானா உக்காந்து வரைஞ்சது. லின்சி பிறந்தநாளுக்காக வரைஞ்சேன். நீங்க நம்பினப்பவே சொல்லியிருக்கணும். பொண்ணு கிடைக்குதேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். தப்பு என்மேலதான்.”

துரைராசு அளப்பதை நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு.

“நீங்களா வரைஞ்சதுதானே?”

“ஆமா மாமா.”

“அப்ப தலைநகரத்தை எடுத்ததும் நீங்கதான்.”

“எடுத்ததுதான். ஆனா அதுவும் கற்பனைதான் மாமா. அதைத்தான் சொல்றேன்.”

அவர் கயிற்றைக் கீழே போட்டார். “நிஜத்துல எங்க பேர்ல ஒரு தாலுகா இருக்கு, அதோட சரி. கோட்டையைப் பார்க்க வர்றவன் அரை மணி நின்னு போட்டோ எடுத்துட்டு, சோறு திங்கக் காரைக்காலுக்குப் போயிடறான். நிஜத்துலதான் ஒண்ணும் இல்ல. கற்பனையிலகூட எங்களுக்கு ஒரு தலைநகரம் குடுக்க உங்களுக்கு மனசு வரலையா?”

ஆல்பின் அவரைப் பார்த்தான். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. கயிற்றுத் தூசியாகவும் இருக்கலாம்.

அவன் கயிற்றுச் சுருள் ஒன்றின்மேல் உட்கார்ந்தான். மடிக்கணினியைத் திறந்தான். கரடியை எடுத்தான். திருமருகல் கப்பலை எடுத்தான். தலைநகரத்துக்கான சிவப்பு வட்டத்தை நன்னிலத்திலிருந்து தூக்கி, ஆறுகளைத் தாண்டி, கடலோரத்தில் கொண்டுபோய் வைத்தான். துரைராசு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னும் கொஞ்சம் கிழக்கே. அலை சத்தம் கேக்கணும். ஆங், அங்கதான்.”

“பசலியை எடுத்திடறேன் மாமா.”

“எடுத்துருங்க. அதுதான் எல்லாத்தையும் கெடுத்தது. காரைக்கால்?”

“பிர்க்காதான் மாமா.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். சரிபார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு நேரத்தோட கோயிலுக்கு வாங்க மாப்ள. நான் போயி ஆயரைப் பார்த்துட்டு வந்திடறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வெயிலில் நடந்தார். லின்சி நிலைக்கதவை விட்டுவிட்டு வந்து பக்கத்துச் சுருளில் உட்கார்ந்தாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த நீல நூலை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

ஃபெபி மோர் கொண்டுவந்தாள். ஆல்பின் வாங்கிக்கொண்டான். குடிக்கத் தோன்றவில்லை.

“அத்தை, எனக்கு ஒண்ணும் புரியலை. வேலையை விட்டவன்னு அன்னைக்கு வேணாம்னார். ஜில்லா வரும்னு நம்பிச் சரின்னார். இப்ப ஜில்லாவும் இல்லைனு ஆச்சு, நான் அதே வேலையை விட்டவன்தான். அப்புறமும் எப்படி ஒத்துக்கறார்?”

ஃபெபி கணவர் போன திசையைப் பார்த்து முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“வேலையை விட்டதுக்கா அவரு வேணாம்னாரு? எங்க ஊர் பேரையே அழிச்சிட்டு ‘காரைக்கால் வடக்கு’ன்னு எழுதினீங்களே தம்பி, அன்னைக்கு நாப்பத்தோரு பதில் எழுதிட்டு மூணு நாள் சோறு திங்காம கிடந்தாரு இந்த உப்புக்காத்து!”